லங்கரில் நின்றுகொண்டே பட்டம் வாங்குவது எப்படி?

கல்யாண வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் என் வீட்டுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்துவிடுவார்கள். "அண்ணாச்சி, பட்டாளத்தில் டிரேட்ஸ்மேன், அதான் கைத்தொழில் பிரிவில், செஃப் கிடைத்தால் போகலாமா?" என்று கேட்பான் ஒருவன். பிளஸ் டூ முடித்த மகனைக் கேட்டரிங் காலேஜில் சேர்ப்பதா, பட்டாளத்துக்கு அனுப்புவதா என்று கேட்க ஒரு தகப்பனார் வருவார். இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பட்டாளத்துச் சமையற்கட்டான லங்கரில் நின்றுகொண்டே இரண்டையும் சேர்த்தே செய்யலாம், வழி இருக்கிறது. எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதால் பத்து வருஷம் வீணானது. அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

நான் 1997-ல் பட்டாளத்தில் சேர்ந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. அப்போது எங்கள் பிரிவுக்குக் குக் என்றே பெயர், செஃப் என்ற சொல் பிறகு வந்தது. பெங்களூரில் ஆர்மி சர்வீஸ் கோர் மையத்தில் சமையல் பயிற்சி. அப்புறம் ஜோத்பூர், லே, பின்னாகுரி, செகந்திராபாத் என்று 17 வருஷம். ஒரு சப்பாத்தி வேளைக்கு 120 பேருக்கு 18 கிலோ ஆட்டா பிசைவோம். லேயில் முதல் வாரம் நான் வைத்த பருப்பு மூன்று மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் அங்கே பருப்பும் இல்லை, ராஜ்மாவும் இல்லை. இந்தப் பாடத்தை எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பதீலா என்ற பெரிய பாத்திரத்தின் முன் நின்று கற்றேன்.

2014-ல் நாயக், அதாவது சிப்பாய்க்கு இரண்டு படி மேலான நிலையில் வெளியே வந்து, ஒரு பெரிய ஹோட்டலில் வேலை கேட்டுப் போனேன். அங்கிருந்த தலைமைச் செஃப் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்றார். டிஸ்சார்ஜ் புக்கை நீட்டினேன். 17 வருஷத்துச் சமையல் அதில் ஒரே வரியாக இருந்தது. 19 வயதுப் பையன்கள் சேரும் கடைசிப் படியில்தான் எனக்கு இடம் கொடுத்தார்கள், சம்பளமும் அதே. அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் கையில் இருந்த தொழிலை அவர் எதை வைத்து அளப்பார்?

அதன்பின் ஒரு கல்லூரியில் ஹோட்டல் மேலாண்மை மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். பத்தாம் வகுப்பு முடித்து 15 வருஷம் பணி செய்த முன்னாள் படைவீரரை மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவு உண்டு. அந்தச் சான்றிதழைப் பட்டம் என்றே நம்பிப் போனேன். அது வேலைக்கு மட்டும்தான், படிப்புக்குச் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்ம மாவட்டத்தில் இன்றைக்கும் எத்தனையோ பேர் அந்தத் தாளைப் பட்டம் என்று நம்பிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பிறகு இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கல்யாணத் தேகண்டத்துக்கு, அதாவது கல்யாணச் சமையல் வேலைக்கு, நடுவே படித்து, 40 வயதுக்கு மேல்தான் பட்டம் வாங்கினேன். இப்போது ஒரு கேட்டரிங் கல்லூரியில் வாரம் இரண்டு நாள் செய்முறை வகுப்பு எடுக்கிறேன்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன்: உடுப்பைக் கழற்றும் முன்பே கைத்தொழில் தாளில் ஏறியிருக்க வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாம் அதற்கான வேலைதான்.

எந்த வாசல் வழியாகப் போவது

பத்தாம் வகுப்போடு போகிறவர்களுக்குத் தரைப்படையில் அக்னிவீர் டிரேட்ஸ்மேன். அக்னிவீர் என்றால் அக்னிபத் திட்டத்தில் 4 வருஷத்துக்கு எடுக்கப்படும் வீரர். செஃப், ஸ்டீவர்ட் எல்லாம் இதில் வரும். எட்டாம் வகுப்புக்கு மெஸ் கீப்பர், ஹவுஸ் கீப்பர் உண்டு. ஆனால் சமையல் தொழிலாக வேண்டும் என்றால் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டே போங்கள். முதலில் கணினியில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு ரேலி, அதாவது நேரில் நடக்கும் உடல்தகுதித் தேர்வு. 2025 முதல் தமிழிலும் தேர்வு எழுதலாம். ரேலியில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப்ஸ், 9 அடிப் பள்ளம் தாண்டுவது எல்லாம் சமையல்காரருக்கும் உண்டு. அடுப்படிக்குப் போகிறவனுக்கு ஓட்டம் எதற்கு என்று பயிற்சியில் அசட்டையாக இருக்காதீர்கள். நம்ம மாவட்டம் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. செஃப் என்று கேட்டால் செஃப்தான் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது, காலியிடத்தைப் பொறுத்தது. இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் பின்னால் மனம் உடையாது.

கடற்படையில் இதற்கு ஈடானது அக்னிவீர் எம்.ஆர்., அதாவது மெட்ரிக் ரெக்ரூட். செஃப், பரிமாறும் ஸ்டீவர்ட், துப்புரவு பார்க்கும் ஹைஜீனிஸ்ட் என்று பிரிவுகள். அடிப்படைப் பயிற்சி ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில், சமையல் பயிற்சி மும்பையில் ஐ.என்.எஸ். ஹம்லாவில். பெண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். கடல் அவர்களுக்குப் புதிது கிடையாது. ஆடுகிற தளத்தில் நின்று வேலை செய்யும் கால் அவர்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. பின்னால் வணிகக் கப்பலுக்குப் போகவும் இந்த அனுபவம் உதவும், அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது வாசலைப் பற்றி இங்கே யாருமே பேசுவதில்லை. தரைப்படையில் ஜே.சி.ஓ. கேட்டரிங் என்று ஒரு நேரடிப் பணி இருக்கிறது. ஜே.சி.ஓ. என்றால் ஜூனியர் கமிஷன்டு ஆபீசர், ஜவான்களுக்கு மேலான இளநிலை அதிகாரி. பிளஸ் டூ முடித்து, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்திலோ ஃபுட் கிராஃப்ட் நிறுவனத்திலோ சமையல் அல்லது ஹோட்டல் மேலாண்மையில் குறைந்தது ஓர் ஆண்டு டிப்ளமோவோ சான்றிதழ்ப் படிப்போ படித்திருக்க வேண்டும். வயது 21 முதல் 27. தேர்வானால் ஆர்மி சர்வீஸ் கோரில் நாயப் சுபேதார் என்ற நிலையிலேயே நுழையலாம். நான் 17 வருஷத்தில் எட்டாத படி அது. என்னைப் போல் சிப்பாயாக நுழைந்தவர்கள் அந்தப் படிக்கு வருவதற்குள் தலை நரைத்துவிடும். காலேஜ் முடித்த பையனுக்கு அதுதான் முதல் படி. காலியிடங்கள் குறைவு, ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பு வரும் என்று நம்பி உட்காரவும் கூடாது. ஆனாலும் கேட்டரிங் படிக்கிற ஒவ்வொரு பையனுக்கும் இப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். என் வகுப்பில் 40 பேரிடம் கேட்டேன், ஒருவனுக்குக்கூடத் தெரியவில்லை.

வீட்டில் மூன்று வருஷம் படிக்க வைக்க முடியும் என்றால் முதலில் காலேஜ், பிறகு ஜே.சி.ஓ. முயற்சி என்பதே என் யோசனை. கிடைக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும். முடியாது, இப்போதே சம்பளம் வேண்டும் என்ற நிலைமையா? அக்னிவீராகப் போய் உள்ளேயிருந்து படியுங்கள்.

எந்த வாசலானாலும் நடுவில் ஆள் வைக்க வேண்டாம். மொத்த வேலையும் ராணுவத்தின், கடற்படையின் சொந்த இணையதளங்களில் நடக்கிறது. "எனக்கு உள்ளே ஆள் தெரியும்" என்று காசு கேட்கிறவனுக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பையனுக்கு வேலையும் வரவில்லை, சங்கிலியும் வரவில்லை.

உள்ளே இருக்கும்போது செய்ய வேண்டியது

அக்னிவீர் காலம் 4 வருஷம். அதிகபட்சம் 25 சதவீதம் பேர் தொடர்ந்து பணியில் வைக்கப்படுவார்கள், மற்றவர்கள் வெளியே வர வேண்டும். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. நான் மேலே சொன்ன 15 வருஷச் சலுகைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அப்பாவுக்கு இருந்தது மகனுக்கும் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அதனால்தான் இந்த 4 வருஷத்துக்குள் படிப்பு நடந்தாக வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்போடு போனவர்கள் முதலில் பிளஸ் டூ முடிக்க வேண்டும். 2022-ல் அக்னிபத் அறிவித்தபோதே, தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ்., அக்னிவீர்களுக்கென்று பன்னிரண்டாம் வகுப்புக்கு வழி செய்வதாகச் சொன்னது. பயிற்சி முடிந்து முதல் யூனிட்டுக்குப் போனதும் கல்விப் பிரிவு ஹவில்தாரைத் தேடிப்போய் இதைக் கேளுங்கள். அவராக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான் பணியில் இருந்தபோதே 'ஞான தீப்' என்று இக்னோவும் தரைப்படையும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தின. படையில் பெற்ற பயிற்சியைப் படிப்பின் மதிப்பில், அதாவது கிரெடிட்டில், சேர்த்துக்கொள்ளும் திட்டம் அது. எனக்கு அது காதில் விழுந்தது. காலை 3 மணிக்கு அடுப்பு மூட்டுகிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று நானே விட்டுவிட்டேன்.

பிளஸ் டூ கையில் இருந்தால் இக்னோவின் மூன்றாண்டுப் பட்டம். அக்னிவீர்களுக்காகவே 'அப்ளைடு ஸ்கில்ஸ்' என்ற பெயரில் பி.ஏ., பி.காம். படிப்புகளைக் கொண்டுவந்தார்கள், சுற்றுலா மேலாண்மையும் அதில் ஒன்று. பட்டத்துக்கு வேண்டிய மதிப்பில் பாதி, படையில் பெறும் தொழில் பயிற்சியிலிருந்தே வருகிறது. மீதிப் பாதிக்குத்தான் புத்தகம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். நீங்கள் லங்கரில் பிசைகிற ஆட்டாவும் பட்டத்துக்குள் எண்ணப்படுகிறது, மக்களே. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். ஓர் ஆண்டோடு நின்றால் சான்றிதழ், இரண்டு ஆண்டு முடித்தால் டிப்ளமோ, மூன்று முடித்தால் பட்டம் என்று இடையில் இறங்கவும் வழி வைத்திருக்கிறார்கள். சமையலுக்குப் போகிறவர் சுற்றுலா மேலாண்மையை எடுப்பதே நல்லது என்று நினைக்கிறேன். ஹோட்டல்காரர்களுக்கு உடனே புரியும் பெயர் அது.

சேர்ந்தவுடன் டிஜிலாக்கர் வழியாக அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கு ஒன்று தொடங்கிவிடுங்கள். படித்த பாடங்களின் மதிப்பு அதில் சேர்ந்துகொண்டே வரும். பின்னால் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினாலும் காட்டலாம். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். நம்ம ஊரில் இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருக்கும். லடாக்கில் உட்கார்ந்துகொண்டு அதைத் திருத்துவது பெரும்பாடு.

இனி நோட்டுப் புத்தகம். இதை எந்த அலுவலகமும் கேட்காது, ஆனால் நான் கற்றதில் இதுதான் பெரியது. நல்ல கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்கி, வேலை முடிந்ததும் தினமும் நாலு வரி எழுதுங்கள். எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள், என்னென்ன பொருள் எத்தனை கிலோ, நீங்கள் என்ன செய்தீர்கள், எது கெட்டுப்போனது, எப்படிச் சரிசெய்தீர்கள். "பால் திரிந்தது, பாத்திரம் சரியாகக் காயவில்லை" என்று எழுதுங்கள். சாஹிப் பாராட்டினார் என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. யூனிட்டின் பெயர், இடம், ஆட்களின் நடமாட்டம் எதுவும் அதில் வரக்கூடாது. தலைக் கணக்கைக்கூட யூனிட்டில் கேட்டு, எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுங்கள். படம் எடுக்கவே வேண்டாம். சமையல் மட்டும் எழுதினால் போதும். இரண்டு வருஷத்தில் அந்த நோட்டு ஒரு பாடப்புத்தகம் ஆகிவிடும். கல்லூரியில் சொல்லித்தரும் மெனு திட்டமிடல், செலவுக் கணக்கு, அளவு நிர்ணயம் எல்லாம் அதற்குள் இருக்கும், அதற்கான பெயர்கள் மட்டும் இருக்காது. பெயர்களைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. லங்கரில் பெரும்பாலும் சப்ஜி, தால், பூரி என்றே போகும். நம்ம கையை விட்டுவிடாதீர்கள். பின்னாகுரியில் ஒரு முறை தேங்காய் கிடைத்தபோது, நான் அரைத்து வைத்த தீயலைச் சாப்பிட்ட பஞ்சாப் சுபேதார் அடுத்த வாரமும் அதையே கேட்டார். ஈத்தாமொழித் தேங்காயில் வளர்ந்த நாக்கு நமக்கு. வெளியே வந்ததும் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப்போவது அதுதான். எரிசேரி, புளிசேரி, துவரன், மட்டிப்பழப் பாயசம் எல்லாவற்றையும் லீவில் வரும்போது அம்மாவிடமும் ஊர்த் தேகண்டக்காரர்களிடமும் அளவோடு கேட்டு அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "கண்ணளவு" என்றுதான் சொல்வார்கள். தராசை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

வருடாந்திர லீவில் ஒரு நாளை, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடத்தும் ஃபாஸ்டாக் உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். சின்னச் சான்றிதழ்தான். ஆனால் எந்தச் சமையலறையிலும் கேட்பார்கள்.

பணத்தைப் பற்றி வீட்டில் பேசிவிடுங்கள்

4 வருஷம் முடியும்போது சேவா நிதியாக வட்டியோடு சுமார் 11.71 லட்சம் என்று 2022-ல் அறிவித்தார்கள். அதில் ஏறக்குறைய பாதி உங்கள் சம்பளத்திலிருந்தே மாதாமாதம் 30 சதவீதம் பிடித்த பணம், மறுபாதி அரசு போடுவது. வருமான வரி கிடையாது. இந்தப் பணம் வருகிற நாளுக்கு முன்பே வீட்டில் அதற்குப் பத்துச் செலவு காத்திருக்கும். தங்கை கல்யாணம், மாடி கட்டுவது, அண்ணன் கடன். எல்லாம் நியாயமான செலவுதான். ஆனாலும் 2 லட்சத்தைப் படிப்புக்கென்று தனியாக வைப்பேன் என்று ரயில் ஏறும் முன்பே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்த பிறகு சொன்னால் சண்டையாகிவிடும், பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்ததும்

அக்னிவீர்களுக்குத் திறன் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதைக் கையில் வாங்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள். அதில் உங்கள் வேலை சமையல் என்று தெளிவாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பழைய முறையில் சேர்ந்து இப்போது ஓய்வு பெறப்போகிற அண்ணன்மாருக்கு, பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககமான டி.ஜி.ஆர். நடத்தும் மறுவாழ்வுப் படிப்புகள் உண்டு. ஜே.சி.ஓ.க்களுக்கும் ஜவான்களுக்கும் கட்டணம் இல்லை. ஓய்வுக்கு முன்பே விண்ணப்பித்துப் போக வேண்டியது அது. லீவு கணக்கைப் பார்த்துத் தள்ளிப்போட்டால் கிடைக்காது.

பழைய ஆட்களிடம் சான்றிதழே இல்லையென்றால் ஆர்.பி.எல். என்று ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்று கொடுக்கும் முறை. சுற்றுலா, ஹோட்டல் துறைக்கான திறன் கவுன்சில் இதைச் செய்கிறது. எனக்கு இது 2014-லேயே தெரிந்திருந்தால் அந்த ஹோட்டலில் வேறு படியில் நின்றிருப்பேன்.

முழுநேரமாகப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, ஹோட்டல் மேலாண்மைத் தேசியக் கவுன்சிலின் மூன்றாண்டு பி.எஸ்சி. சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இருக்கிறது. ஆங்கிலத்தோடு பிளஸ் டூ தேறி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதே கவுன்சிலுக்குப் பத்தாம் வகுப்புக்காரர்களுக்கென்று உணவுத் தயாரிப்பிலும் கேக், பேஸ்ட்ரி செய்யும் பேட்டிசெரியிலும் ஒன்றரை ஆண்டுப் படிப்பும் உண்டு. பேக்கரி தெரிந்த பட்டாளத்து ஆள் அபூர்வம், அதனால் இதை நான் விரும்பிச் சொல்கிறேன். ஐ.டி.ஐ.யில் உணவுத் தயாரிப்பு என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவும் இருக்கிறது.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கேட்டரிங் கல்லூரி என்ற பலகைகள் நிறைய. நல்லவையும் உண்டு. சேரும் முன் நேரில் போய், பட்டத்தில் கையெழுத்துப் போடும் பல்கலைக்கழகம் எது என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். செய்முறை வகுப்பில் ஒரு மாணவனுக்கு ஓர் அடுப்பா, பத்துப் பேருக்கு ஓர் அடுப்பா என்று சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். வெறும் தனியார் சான்றிதழ் என்றால் ஜே.சி.ஓ. கேட்டரிங்குக்கும் செல்லாது, மேற்படிப்புக்கும் செல்லாது.

கடற்படையில் இருந்து வருகிறவர்களும், கடலுக்குப் போகத் துணிந்தவர்களும் வணிகக் கப்பலைப் பார்க்கலாம். மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த 6 மாதக் கடல்சார் கேட்டரிங் படிப்பு, பத்தாம் வகுப்புப் போதும். 2006-ம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் கப்பலில் தகுதி பெற்ற சமையல்காரர் இருந்தாக வேண்டும். அதனால் அந்தத் தகுதிச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. சேரப்போகும் நிறுவனத்தின் அங்கீகாரத்தை டி.ஜி. ஷிப்பிங் தளத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் முன்னாள் படைவீரர்களுக்குத் தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி வரை கடன், அதில் 30 சதவீதம் மானியம். விவரத்தை நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

எல்லாத் தாள்களையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் ஈரம் ஏறாத உயரமான இடத்தில் வையுங்கள். நம்ம ஊருக்கு வருஷத்தில் இரண்டு மழை. என் முதல் பயிற்சிச் சான்றிதழ் கறையான் தின்று போனது. லேமினேட் செய்ய வேண்டாம், பின்னால் முத்திரை வைக்கவும் கையெழுத்து வாங்கவும் முடியாது.

தேங்காய்ப்பட்டணத்துப் பையன் ஒருவன் மூன்று வருஷத்துக்கு முன் இதே திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனான். இப்போது கடற்படையில் செஃப். கரைக்கு வரும்போது போனில் கூப்பிட்டு, நோட்டில் எழுதிய அளவுகளை வாசித்துக் காட்டுவான். போன மாதம் சாம்பாருக்குக் காயத்தின் அளவைக் கேட்டுத் திருத்தினேன். இக்னோவில் இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி இருக்கிறது அவனுக்கு, டிசம்பரில் எழுதுகிறான்.